நிதானம் கேட்டு அட்டை பிடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

2010 அக்டோபர் 30, சனிக்கிழமை நண்பகலில், வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் கையால் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்ற அன்பர்களுக்கு,

வணக்கம்.

தொலைக்காட்சி நையாண்டியாளர்கள் ஜான் ஸ்டூவர்ட்டும் ஸ்டீஃபன் கோல்பேரும் நடத்திய அந்தப் பேரணியின் ஒளிப்படங்களைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். மேடைப் படங்களைவிட உங்கள் படங்களில்தான் என் கண் நிற்கிறது. ஜான் ஸ்டூவர்ட் என்ன பேசினார், ஸ்டீஃபன் கோல்பேர் என்ன வேடத்தில் வந்தார், எந்தப் பாடகர் பாடினார் என்பதையெல்லாம் அன்றே அலசித் தீர்த்துவிட்டார்கள். உங்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் ‘ரசிகர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் உங்கள் அட்டைகளில் சிரிப்பு வருவதாகப் பார்த்துப் பொறுக்கி, படத்தொகுப்பாகப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். அன்று அந்தப் புல்வெளியில் இருந்தவற்றில் மிக முக்கியமானது உங்கள் கையில் இருந்தது என்று நான் நம்புகிறேன். அந்த அட்டையில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்று என்றும் நம்புகிறேன். இரண்டையும் உங்களிடமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2009 கோடையில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேச அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதிகளில் மக்களைக் கூட்டினார்கள். வயதானவர்களுக்குச் சிகிச்சை தருவதா, சாக விடுவதா என்று முடிவு செய்ய அரசு குழு அமைக்கப்போகிறது என்று ஒரு புரளி நாடு முழுக்கப் பரவியிருந்தது. கூட்டங்களில் கூச்சல், தள்ளுமுள்ளு. தீவிரக் கருத்துகளுக்குப் பெயர்போன அரசியல்வாதி லிண்டன் லரூஷின் ஆதரவாளர்கள் ஒபாமாவின் முகத்தில் ஹிட்லர் மீசை வைத்து அச்சடித்த படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு படத்தோடு எழுந்து கேள்வி கேட்டவரிடம், மாசச்சூசெட்ஸ் உறுப்பினர் பார்னி ஃபிராங்க், நீங்கள் பெரும்பாலும் எந்தக் கிரகத்தில் வசிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அந்தச் செப்டம்பரில் அதிபர் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே ‘பொய் சொல்கிறீர்!’ என்று தென் கரோலினா உறுப்பினர் ஜோ வில்சன் கத்தினார். அடுத்த ஆண்டு கோடையில், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்துக்கு அருகே இஸ்லாமிய மையம் கட்டலாமா என்ற சண்டை. ஃபுளோரிடாவில் ஒரு பாதிரியார் குர்ஆனை எரிக்கப்போவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 28 அன்று ஃபாக்ஸ் நியூஸின் வலதுசாரித் தொகுப்பாளர் கிளென் பெக், லிங்கன் நினைவிடத்தின் முன் பெருங்கூட்டம் கூட்டினார். 1963இல் அதே நாளில், அதே படிகளில் மார்ட்டின் லூதர் கிங் பேசியிருந்தார்.

இந்தச் சூழலில்தான் நீங்கள் கிளம்பினீர்கள். கிளம்பிய விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெக்கின் கூட்டம் முடிந்த கொஞ்ச நாளில், கோல்பேர் அதற்குப் பதிலாக ஒரு பேரணி நடத்த வேண்டும் என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒருவர் எழுதினார். யோசனை பற்றிக்கொண்டது. வெறுமனே கேட்டால் காதில் விழாது என்று நினைத்தவர்கள், கோல்பேர் நிர்வாகக் குழுவில் இருந்த டோனர்ஸ்சூஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்குத் தேவையானதை அங்கே எழுதிப் போடுவார்கள். கதைப் புத்தகம் வேண்டும், வண்ணப் பென்சில் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும் என்பார்கள். விருப்பமுள்ளவர் பணம் கட்டலாம். முதல் நாளிலேயே 1 லட்சம் டாலரைத் தாண்டியது. கடைசியில் 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தங்கள் நாயகனை மேடைக்கு அழைக்க ஆசைப்பட்ட ரசிகர்கள், முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து அழைத்தார்கள். ரசிகர் என்ற சொல்லை உங்கள் மேல் குறையாக வீசியவர்கள் இந்த ஒன்றையாவது எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 16 அன்று இருவரும் தங்கள் நிகழ்ச்சிகளில் அறிவித்தார்கள். ஸ்டூவர்ட் நிதானத்தை மீட்கப் போவதாகவும், கோல்பேர் தொலைக்காட்சியில் தான் போட்டுவந்த வலதுசாரித் தொகுப்பாளர் வேடத்துக்கு ஏற்ப அச்சத்தை அணையாமல் காக்கப் போவதாகவும் சொன்னார்கள். பிறகு இரண்டும் ஒரே பேரணியாகச் சேர்ந்தன. ‘நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் நீங்கள் ஹிட்லர் இல்லை என்பது எனக்கு அநேகமாக நிச்சயம்’ என்று எழுதிய அட்டையை ஸ்டூவர்ட் அன்றே மாதிரிக்குக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் உங்களில் பலர் கடைக்குப் போய் அட்டையும் தடித்த பேனாவும் வாங்கியிருப்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை வாஷிங்டன் மெட்ரோ ரயிலில் 8,25,000 பயணங்களுக்கு மேல் பதிவாயின. 1991இல் வளைகுடாப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது நடந்த ஊர்வல நாளின் சனிக்கிழமைச் சாதனையையும் அது தாண்டியது. நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்திலிருந்து ஹஃபிங்டன் போஸ்ட் செய்தித் தளத்தின் அரியானா ஹஃபிங்டன் ஏற்பாடு செய்த பேருந்துகள் விடியும் முன்னே கிளம்பின. சிபிஎஸ் செய்தி நிறுவனத்துக்காக வானிலிருந்து படமெடுத்துக் கணக்கிட்டவர்கள் உங்களை ஏறத்தாழ 2,15,000 பேர் என்றார்கள். பெக்கின் கூட்டத்துக்கு அவர்கள் சொன்ன கணக்கு 87,000. யார் கூட்டம் பெரிது என்ற அந்தப் போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை.

அவ்வளவு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்காததால் பின்னால் நின்றவர்களுக்கு மேடையும் தெரியவில்லை, ஒலியும் எட்டவில்லை. ‘சத்தமாக, சத்தமாக’ என்று கூவிப் பார்த்தீர்கள். பிறகு ஒருவர் அட்டையை ஒருவர் படிக்கத் தொடங்கினீர்கள். என் பார்வையில் பேரணி அங்கேதான் தொடங்கியது. மறுநாள் ஹாலோவீன் என்பதால் வேடமிட்டு வந்தவர்களும் உண்டு. முன்பின் தெரியாத இருவர் ஒருவர் அட்டையைப் பார்த்து ஒருவர் சிரித்து, படம் எடுத்துக்கொண்டு, எந்த ஊர் என்று விசாரித்தார்கள். மேடையில் மூன்று மணி நேரம் எதைப் பற்றிப் பேசினார்களோ அது கீழே தானாக நடந்துகொண்டிருந்தது.

உங்கள் அட்டைகளில் சிலவற்றை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ‘அளவுகடந்த ஆத்திரத்தைக் கண்டு ஓரளவு எரிச்சலாக இருக்கிறது’ என்று ஒன்று. ‘எனக்குத் தேநீர் பிடிக்கும், நீங்கள் அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று, ஒபாமா அரசை எதிர்த்த டீ பார்ட்டி (‘தேநீர் விருந்து’) இயக்கத்தாரைப் பார்த்து ஒன்று. அந்த வரியில் வசவு இல்லை, சாபம் இல்லை. எதிர்த் தரப்பில் இருப்பவர் படித்தாலும் உதட்டோரம் சிரிப்பு வரும். ‘உங்கள் கொள்கை ஓர் அட்டைக்குள் அடங்கிவிடுமானால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை எழுதியவர் எதிரியைத் திருத்த வரவில்லை. கையில் அட்டை வைத்திருந்த எல்லோரையும் சேர்த்தே யோசிக்கச் சொன்னார். அரசியல் கூட்டத்தில் தன் தரப்பையும் கேள்விக்கு உட்படுத்தும் வரியை உயர்த்திப் பிடிப்பது எளிதான காரியம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது ஒரு முதியவரின் அட்டை. ‘நான் நாஜிகளோடு போரிட்டவன், அவர்கள் ஒபாமாவைப் போல இருக்கவில்லை.’

அந்த ஒரு வரி, ஓராண்டாக நடந்த கூச்சலுக்குப் பதில் சொல்லிவிட்டது. அதில் நகைச்சுவை இருக்கிறது, ஆனால் அது வேடிக்கைக்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. நாஜி என்ற சொல்லைக் கண்டபடி வீசுகிறவர்களிடம், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த துப்பாக்கியையும் பிணங்களையும் பார்த்தவர் பேசுகிறார். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கோபத்தைத் திட்டாக மாற்றாமல் சாட்சியமாக மாற்றினார். அந்த அட்டையைப் படத்தொகுப்பில் ‘மிகச் சிரிப்பூட்டும் அட்டைகள்’ வரிசையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைத் தலையங்கப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

மேடையிலும் நல்லவை நடந்தன, மறுக்கவில்லை. ரயிலைப் பற்றிய மூன்று பாட்டுகளை வைத்து பாடகர்கள் யூசுஃபையும் ஆஸி ஆஸ்போர்னையும் மோதவிட்டு, கடைசியில் ஓஜேஸ் குழுவினரை வைத்துச் சமாதானம் செய்தது அழகான கற்பனை. தங்கள் ஊழியர்கள் பேரணிக்குப் போகக் கூடாது என்று என்பிஆர் போன்ற செய்தி நிறுவனங்கள் தடை போட்டிருந்தன. அந்த நிறுவனங்களுக்குக் கோல்பேர் அச்சப் பதக்கம் அறிவித்து, அவர்களைவிடத் துணிச்சலாக அங்கே வந்திருந்த ஏழு வயதுச் சிறுமியிடம் அதைக் கொடுத்தார்.

ஆனால் நான் நிறுத்திப் பேச விரும்புவது ஸ்டூவர்ட் கொடுத்த நிதானப் பதக்கங்களில் ஒன்றைப் பற்றி. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகாவுக்கு அது கிடைத்தது. பேஸ்பால் ஆட்டத்தில் எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூடத் தளம் தொடாமல் அடுத்தடுத்து வெளியேற்றுவது முழுநிறை ஆட்டம். நூற்றாண்டுக்கு மேலான வரலாற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நடந்திருக்கிறது. 2010 ஜூன் 2 அன்று கலராகா 26 பேரை வெளியேற்றிவிட்டார். 27ஆவது ஆளும் தெளிவாக அவுட். நடுவர் ஜிம் ஜாய்ஸ் அவுட் இல்லை என்று கையை விரித்துவிட்டார். கலராகா ஒரு சிறு புன்னகையோடு திரும்பிப் போய் அடுத்த பந்தை வீசினார். ஆட்டம் முடிந்ததும் பதிவைப் பார்த்த ஜாய்ஸ், தான் தவறு செய்துவிட்டதாக எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் கலங்கினார். மறுநாள் அணிப் பட்டியலைக் கொண்டுவந்து ஜாய்ஸின் கையில் கொடுத்தவர் கலராகா.

இந்தக் கதையை நிதானத்துக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கலராகாவின் புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜாய்ஸ் வாயைத் திறந்து ‘தவறு என்னுடையது’ என்று சொன்னதால்தான் அந்த மரியாதைக்கு அர்த்தம் கிடைத்தது. அவர் தன் முடிவு சரி என்று சாதித்திருந்தால் கலராகாவின் அமைதி வெறும் சகிப்பாகப் போயிருக்கும். ஆளை மதிப்பது, பிழையைப் பிழை என்று சொல்வது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அங்கே நடந்தது.

உங்கள் அட்டைகள் முதலாவதை மிக அழகாகச் செய்தன. இரண்டாவதற்கு அவற்றில் பெரும்பாலும் இடம் இல்லாமல் போயிற்று.

அன்று ஸ்டூவர்ட் தன் நிறைவுரையில் சொன்ன காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கச் சாலை. பல தடங்களில் வரும் கார்கள் ஒடுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நுழைய வேண்டும். ஒவ்வொரு காரிலும் வேறு வேறு கட்சிக்காரர், வேறு வேறு மதத்தார். ஆனாலும் நீங்கள் போங்கள், பிறகு நான் போகிறேன் என்று வழிவிட்டு எல்லோரும் கடந்துபோகிறார்கள். சாதாரண மக்கள் தினமும் இப்படித்தான் சேர்ந்து வேலை செய்கிறார்கள், நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும்தான் அது நடப்பதில்லை என்றார்.

உண்மையான பேச்சு. நான் அதை இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் அந்தச் சுரங்கத்தில் வழிவிட்டவர் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர ஓர் ஊர் இருந்தது. வேலைக்கோ வீட்டுக்கோ போகிறவர்கள் என்பதால்தான் அந்த ஒழுங்கே தேவைப்பட்டது. 2,15,000 பேர் அவ்வளவு மரியாதையாக ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்ற அன்றைய தினத்தில், எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்காத கூட்டம் அது, அது சரியே. ஆனால் எந்தச் சட்டத்தையும் கேட்கவில்லை. எந்த அலுவலகத்தின் கதவையும் தட்டவில்லை. மூன்று நாள் கழித்து, நவம்பர் 2 அன்று, நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. வாக்களிக்கத் தகுதியுள்ள அமெரிக்கர்களில் பாதிப் பேர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை.

தொலைக்காட்சி நகைச்சுவையாளர் பில் மார் அந்த வாரமே பேரணியைக் கடுமையாக விமர்சித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு கத்துகிறது என்று சொல்வது பொய்யான சமநிலை என்பது அவர் வாதம். அவர் சொன்ன தொனி எனக்கு உடன்பாடில்லை, வாதத்தில் பொருள் இருக்கிறது. எல்லோரும் குரலைத் தாழ்த்துங்கள் என்று பொதுவாகச் சொன்னால், அநியாயத்துக்கு ஆளானவரும் அநியாயம் செய்தவரும் ஒரே அறிவுரையைப் பெறுகிறார்கள். மசூதி கட்டக் கூடாது என்று கத்தியவரும், தன் தொழுகைக்கூடத்தின் சுவரில் வசவு எழுதப்பட்டதைக் கண்டு குரல் உயர்த்தியவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். அப்படி ஆகக் கூடாது என்று உங்களில் பலருக்குத் தெரியும். ‘வீட்டுக்குள் பேசும் குரலில் பேசுங்கள்’ என்ற அட்டையைப் பிடித்தவரும் நல்ல மனதோடுதான் பிடித்திருப்பார். ஆனால் வீட்டுக்குள் பேசும் குரல் காதில் விழாதவர்கள் அதிகாரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் வேறு குரலில்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதற்குச் சான்று தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் நாயகர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

பேரணி முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலின் இடிபாடுகளில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போன தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், தொழிலாளர்களின் சிகிச்சைக்கான ஜேம்ஸ் சட்ரோகா மசோதா செனட் சபையில் முடங்கிக் கிடந்தது. 2010 டிசம்பர் 16 அன்று ஸ்டூவர்ட் தன் நிகழ்ச்சியை அதற்கே ஒதுக்கினார். அந்த நோயோடு வாழும் நான்கு பேரை வரிசையாக உட்காரவைத்துப் பேசவிட்டார். மசோதாவின் பெயரைச் சொன்னார். அதைத் தடுப்பது யார் என்று சொன்னார். டிசம்பர் 22 அன்று இரு அவைகளும் நிறைவேற்றின. 2011 ஜனவரி 2 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். ஸ்டூவர்ட் ஒருவரால் மட்டும் அது நடந்ததாக நான் சொல்லவில்லை. பல ஆண்டு போராடிய தொழிலாளர்களும் நியூயார்க் உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு லட்சம் பேர் கூடிய நாளில் கேட்கப்படாத ஒன்று, நான்கு பேர் அமர்ந்த ஒரு மேசையிலிருந்து கேட்கப்பட்டது.

2019 ஜூன் 11 அன்று அதே மக்களின் இழப்பீட்டு நிதிக்காக அவர் நாடாளுமன்றத் துணைக்குழு முன் வந்தார். பின்னால் அறை நிறைய நோயாளிகள், எதிரே உறுப்பினர்களின் காலி நாற்காலிகள். அவர் குரல் நடுங்கியது, உயர்ந்தது, கண் கலங்கியது. யாரையும் ஹிட்லர் என்று சொல்லவில்லை. யாரையும் தேசத் துரோகி என்று சொல்லவில்லை. வெட்கக்கேடு என்று சொன்னார், எது வெட்கக்கேடு என்பதையும் சொன்னார். ஜூலையில் செனட் 97க்கு 2 என்ற கணக்கில் நிறைவேற்றியது. நிதிக்கு விண்ணப்பிக்கும் காலம் 2090 வரை நீண்டது. 2022இல் ராணுவ முகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகையால் நோயுற்ற முன்னாள் வீரர்களுக்கான சட்டம் செனட்டில் தடைபட்டபோது, அந்த வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே இரவும் பகலும் தங்கினார்கள். ஸ்டூவர்ட் அவர்களோடு நின்று கத்தினார். ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று நிறைவேறியது.

கோல்பேரும் அப்படியே. பேரணிக்கு ஒரு மாதம் முன்பு, 2010 செப்டம்பர் 24 அன்று, வயல் தொழிலாளர்களுக்காக நாடாளுமன்றத் துணைக்குழு முன் தன் வேடத்திலேயே சாட்சியம் சொன்னார். கடைசியில் ஏன் இந்த விஷயத்தில் அக்கறை என்று கேட்டபோது வேடம் கழன்றது. அதிகாரமே இல்லாத மக்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன், நம் நாட்டுக்கு வந்து நமக்காக உழைக்கும் இவர்கள் அதிகாரம் மிகக் குறைந்தவர்களில் சேர்ந்தவர்கள் என்று பதில் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய, தேர்தலுக்காக வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவிடக்கூடிய ‘சூப்பர் பேக்’ அமைப்புக்கு நீங்கள் 10 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினீர்கள். தேர்தலில் பணம் எப்படி முகம் மறைத்து ஓடுகிறது என்பதை அந்தப் பணத்தை வைத்தே அவர் நாட்டுக்குக் காட்டினார்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ரசிகர் கூட்டம் அரசியலாவது புதிது இல்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியபோது ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்கள் அதற்குத் தாங்கு தூணாயின. மன்றத்துக்குச் செயலாளர் இருந்தார், பொருளாளர் இருந்தார், தெருவில் எத்தனை வாக்கு என்று தெரிந்த ஆள் இருந்தார். நாயகனைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற கேடும் அந்த வழியில்தான் வந்தது. அதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் யாரையும் தலைவராக்கக் கேட்கவில்லை, அது உங்கள் பெருமை. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்ததும் உங்களை மறுபடி ஒன்றுசேர்க்க ஒரு முகவரியும் இல்லாமல் போயிற்று.

அட்டைகள் மட்டும் தங்கிவிட்டன. கேலியோடு கோரிக்கையையும் சேர்த்து எழுதும் வழக்கம் பின்னால் வளர்ந்ததைப் பார்க்கிறேன். 2017 ஏப்ரல் 22 அன்று அறிவியலுக்கான பேரணியில், ‘நமக்கு என்ன வேண்டும்? சான்றுள்ள அறிவியல்! எப்போது வேண்டும்? சக அறிஞர்களின் மதிப்பாய்வு முடிந்த பிறகு!’ என்று எழுதி வந்தார்கள். உங்கள் அட்டைகளின் சாயலே அதில் இருந்தது. கூடவே, ஆராய்ச்சிக்கான நிதியை வெட்டாதீர்கள் என்ற தெளிவான கோரிக்கையும் அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. 2025இல் அதிபர் டிரம்ப்பை எதிர்த்து ‘அரசர்கள் வேண்டாம்’ என்று நாடெங்கும் திரண்டவர்களிடையே காற்றடைத்த தவளை வேடத்தில் வந்தவர்களைப் பார்த்தபோதும் உங்கள் ஹாலோவீன் வேடங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். சிரிப்பு, கூட்டத்தைக் கைகலப்பிலிருந்து காக்கிறது; குழந்தைகளையும் முதியவர்களையும் அச்சமில்லாமல் வரச் செய்கிறது. இதை விட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு.

அன்றைய அட்டை உங்கள் பரணிலோ கார் கொட்டகையிலோ இன்னும் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2017 ஜனவரி 21 பெண்கள் பேரணி முடிந்ததும் பாஸ்டன் காமன் பூங்கா வேலியில் விட்டுச்செல்லப்பட்ட அட்டைகளை நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் அள்ளிவந்து, ஆயிரக்கணக்கில் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். அப்படி ஒரு நூலகமோ வரலாற்றுச் சங்கமோ உங்கள் ஊரிலும் இருக்கும். அட்டையின் மூலையில் பென்சிலால் தேதியும் இடமும் எழுதி, ஏன் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அதை வெறும் வேடிக்கை என்றே எடுத்துக்கொள்வார்.

அடுத்த முறை அட்டை எழுதும்போது முன்பக்கத்தை இப்போது போலவே எழுதுங்கள். எதிர்த் தரப்பில் நிற்பவரும் படித்துச் சிரிக்கும்படி எழுதுங்கள். பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். எந்தச் சட்டம் வேண்டும், அதன் எண் என்ன, உங்கள் தொகுதி உறுப்பினர் அதற்கு என்ன வாக்களித்தார் என்று எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்கள் சிரிப்பைப் படம் எடுக்க வரும்போது அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள். எண் தெரியவில்லை என்றால் உறுப்பினரின் ஊர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். எடுத்துப் பேசும் ஊழியரிடம் அன்பாகப் பேசுங்கள், அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பதில் வரும்வரை மறுபடி மறுபடி கூப்பிடுங்கள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் அட்டைகளைப் படித்துவரும் ஒரு தமிழ் வாசகர்